இரவில் அயனி மண்டலம்: தென்னிந்தியாவுக்கு மேலே எலக்ட்ரான் அடர்த்தி ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

பகலில் சூரியன் அயனி மண்டலத்தை, அதாவது மேல் வளிமண்டலத்தில் எலக்ட்ரான்கள் அணுக்களிலிருந்து பிரிந்து கிடக்கும் பகுதியை, உண்டாக்குகிறது, இரவில் அது கரைந்துவிடுகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஐரோப்பாவின் நடுப்பகுதியில் உட்கார்ந்து பேசினால் அந்த வரி ஓரளவு பொருந்தும். திருநெல்வேலிக்கு மேலேயோ, பெருவின் ஹுவான்காயோவுக்கு மேலேயோ அது பாதி உண்மைதான். இங்கே சூரியன் மறைந்த பிறகுதான் பெரிய விஷயங்கள் நடக்கின்றன. ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்கள், சர்வே வேலை பார்ப்பவர்கள், இயற்பியல் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சூரியன் போன பிறகும் எலக்ட்ரான்கள் எப்படி மிச்சமிருக்கின்றன?

எல்லா உயரத்திலும் மிச்சமிருப்பதில்லை. 60 முதல் 90 கி.மீ. வரை உள்ள டி படலம் சூரியன் மறைந்ததும் கிட்டத்தட்ட காணாமல் போகிறது. பகலில் மீடியம் வேவ் அலைகளை விழுங்குவது அதுதான், அதனால்தான் இரவில் தூரத்து நிலையங்கள் ரேடியோவில் கேட்கின்றன. 110 கி.மீ. வாக்கில் இருக்கும் ஈ படலமும் வேகமாக மெலிகிறது. அங்கே இருப்பவை பெரும்பாலும் மூலக்கூறு அயனிகள், ஒரு எலக்ட்ரான் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு உடனே இரண்டாக உடைந்து நடுநிலை அணுக்களாகிவிடும்.

மேலே, 300 கி.மீ. பக்கம் உள்ள எஃப் படலத்தின் கதை வேறு. அங்கே இருப்பது பெரும்பாலும் தனி ஆக்சிஜன் அணுவின் அயனி. அது எலக்ட்ரானோடு நேரடியாகச் சேர்வது மிக மிக மெதுவான வேலை. முதலில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறையோ ஆக்சிஜன் மூலக்கூறையோ சந்தித்து மின்னூட்டத்தை அதனிடம் ஒப்படைக்க வேண்டும், அப்புறம்தான் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிய முடியும். ஆகவே எலக்ட்ரான் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த உயரத்தில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதுதான். மேலே போகப் போக அவை மளமளவென்று குறைகின்றன. படலம் 50 கி.மீ. உயர்ந்தால் சுற்றியிருக்கும் நைட்ரஜன் மூலக்கூறுகள் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இரவில் அடர்த்தி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் படலம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கேளுங்கள்.

எண்களில் சொன்னால் எவ்வளவு வித்தியாசம்?

பகலில் எஃப் படலத்தின் உச்சத்தில் ஒரு கன செ.மீ.க்கு ஏறக்குறைய 10 லட்சம் எலக்ட்ரான்கள். விடியலுக்குச் சற்று முன்பு அதே இடத்தில் ஒரு லட்சம், சூரியச் செயல்பாடு குறைந்த ஆண்டுகளில் அதற்கும் கீழே. பத்தில் ஒரு பங்காகக் குறைவது பெரிய விஷயமாகத் தெரியலாம், ஆனால் ஈ படலத்தில் குறைவது இன்னும் பல மடங்கு அதிகம்.

இதை அளப்பதற்கு அயனோசோண்ட் என்ற கருவி இருக்கிறது. ஒரு மெகாஹெர்ட்ஸில் தொடங்கி அலைவெண்ணை ஏற்றிக்கொண்டே போய்த் துடிப்புகளைச் செங்குத்தாக மேலே அனுப்பும். எதிரொலி திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து உயரம் தெரியும். எந்த அலைவெண்ணுக்கு மேல் எதிரொலி வராமல் அலை வானத்தைத் துளைத்துப் போய்விடுகிறதோ, அதை வைத்து அடர்த்தி தெரியும். கணக்கு எளிது: கன செ.மீ. அடர்த்தியின் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் அந்த எல்லை அலைவெண் கிலோஹெர்ட்ஸில் வரும். 10 லட்சத்தின் வர்க்கமூலம் 1,000, அதாவது 9 மெகாஹெர்ட்ஸ். ஒரு லட்சம் என்றால் சுமார் 2.8 மெகாஹெர்ட்ஸ். பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் பக்கத்து மாவட்டத்தோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஹாம், பின்னிரவில் அதே அலைவெண்ணில் அவரைத் தொலைத்துவிடுவது இதனால்தான். அந்த நேரத்தில் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினாலும் சில நாள் போதாது.

தென் தமிழ்நாட்டு வானத்துக்கு அப்படி என்ன சிறப்பு?

காந்த நடுக்கோடு. பூமியின் காந்தப்புலக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் இடங்களை இணைக்கும் கோடு அது. புவியியல் நடுக்கோட்டோடு அது ஒத்துப்போவதில்லை. இந்திய தீர்க்கரேகையில் வடக்கே ஏறி, திருவனந்தபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி வட்டாரத்தை ஒட்டியும் இலங்கைக்கு மேலாகவும் போகிறது, ஆண்டுகள் போகப் போக மெல்ல இடமும் மாறுகிறது. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்குக் காரணமே இந்தக் கோடுதான். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், ஒரு நைக்-அப்பாச்சி, சோடியம் ஆவியைத் தூவி மேல் வளிமண்டலக் காற்றை அளக்கப் போனது. கோடைக்கானலில் 1950-களிலேயே அயனோசோண்ட் இயங்கியது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. சற்று வடக்கே, திருப்பதி பக்கம் காதங்கியில் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார். இவ்வளவு நல்ல இடத்தில் இவ்வளவு கருவிகள் வாய்த்த பகுதிகள் உலகத்தில் மிகக் குறைவு. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது சொல்லித் தரப்பட வேண்டிய விஷயம்.

காந்தக் கோடு படுத்திருந்தால் என்ன ஆகும்? பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் இருக்கிறது, காந்தப்புலம் வடக்கு நோக்கி இருக்கிறது, இரண்டும் சேர்ந்து பிளாஸ்மாவை, அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயுவை, நேராக மேலே தூக்குகின்றன. பகலில் நொடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உயரப் போன பிளாஸ்மா காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு இருபுறமும் சரிந்து இறங்குகிறது. விளைவு, நடுக்கோட்டில் அடர்த்தி குறைந்து, அங்கிருந்து இருபுறமும் சுமார் 15 டிகிரி தள்ளி இரண்டு மேடுகள் உண்டாகின்றன. இந்தியாவில் வடக்கு மேடு அகமதாபாத், போபால், கொல்கத்தா வாக்கில் விழுகிறது. சூரியன் தலைக்கு மேலே நிற்கும் இடத்தைவிட வேறு இடத்தில் அடர்த்தி அதிகம் என்ற இந்த விசித்திரத்தை 1946-ல் எட்வர்ட் ஆப்பிள்டன் எழுதினார். அதே ஆண்டில் கொல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா, பிளாஸ்மா காந்தக் கோடுகள் வழியே பரவுவதுதான் காரணம் என்ற பாதையைக் காட்டினார். மித்ராவின் பெயரை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

சரி, சூரியன் மறைந்ததும் என்னதான் நடக்கிறது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தரையில் சூரியன் மறைவது ஒரு நேரம், மேலே மறைவது வேறு நேரம். சம இரவு நாட்களில் நம் பக்கம், 110 கி.மீ. உயரத்தில் தரையைவிட 40 நிமிடம் கழித்து மறைகிறது. 300 கி.மீ.யில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே தாமதம். ஆகவே ஈ படலம் முதலில் இருட்டில் விழுகிறது, எஃப் படலம் இன்னும் வெளிச்சத்தில் இருக்கிறது. இந்த அரை மணி நேர இடைவெளியில்தான் எல்லாமே இருக்கிறது.

மேல் வளிமண்டலத்தில் மாலையில் கிழக்கு நோக்கிப் பலமான காற்று வீசுகிறது. அந்தக் காற்று எஃப் படலத்தில் ஒரு மின்புலத்தை உண்டாக்கும், ஒரு டைனமோ. பகலில் அந்த மின்புலம் தலைதூக்க முடியாது, காரணம் காந்தக் கோடுகளின் இரு முனைகளிலும் நன்றாக மின்சாரம் கடத்தும் ஈ படலம் இருந்துகொண்டு அதை ஷார்ட் சர்க்யூட் செய்துவிடுகிறது. ஈ படலம் இருட்டில் விழுந்து கடத்தும் திறனை இழந்ததும் அந்தத் தடை விலகுகிறது. பகல்-இரவு எல்லையில் கிழக்கு நோக்கிய மின்புலம் திடீரென்று ஓங்குகிறது, பிளாஸ்மா மேலே பாய்கிறது. சூரியன் சுறுசுறுப்பாக உள்ள ஆண்டுகளில் நொடிக்கு 40, 50 மீட்டர், சில நாள் அதற்கும் மேலே. ஒரு மணி நேரத்துக்குள் படலம் 400 கி.மீ.யைத் தாண்டிவிடும். அப்புறம்தான் மின்புலம் மேற்காகத் திரும்பி, இரவு முழுக்கப் படலம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இதன் பலன் அடர்த்தியில் எப்படித் தெரியும்? நடுக்கோட்டுக்கு மேலே உச்ச அடர்த்தி மாலையில் சட்டென்று குறையும், காரணம் அழிவு அல்ல, பிளாஸ்மா இடம்பெயர்ந்து இருபுற மேடுகளுக்குப் போய்விட்டது. மேடுகளில் அதே நேரத்தில், சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, அடர்த்தி மறுபடி கூடும். சூரியன் இல்லாத நேரத்தில் அடர்த்தி ஏறுகிறதே என்று வரைபடத்தைப் பார்த்துக் குழம்புபவர்களுக்குப் பதில் இதுதான்: புதிதாக எதுவும் உண்டாகவில்லை, தெற்கே தூக்கிய சரக்கு வடக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பிளாஸ்மா குமிழி என்கிறார்களே, அது என்ன?

படலம் மேலே போய்விட்டது, அதன் அடிப்பகுதி இருட்டில் வேகமாகக் கரைகிறது. இப்போது அடர்த்தியான பிளாஸ்மா மேலே, கிட்டத்தட்ட வெற்றிடம் கீழே. எண்ணெய்க்கு மேலே தண்ணீரை நிறுத்தி வைத்தது போன்ற நிலை, சின்ன அலைவு போதும், கனமானது இறங்கும், லேசானது பீறிட்டு ஏறும். இதற்கு ரேலி-டெய்லர் நிலைகுலைவு என்று பெயர். 1956-ல் இயற்பியலாளர் டங்கி இந்த விளக்கத்தை முன்வைத்தார். கீழே இருந்து ஏறும் அந்த மெலிந்த பகுதிதான் குமிழி. உள்ளே அடர்த்தி வெளியே இருப்பதைவிட நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு குறைவு. கிழக்கு-மேற்காக சில பத்து கி.மீ. முதல் நூற்றுக்கணக்கான கி.மீ. அகலம், வடக்கு-தெற்காக காந்தக் கோடு நெடுகவும் நீண்டிருக்கும். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகரும்.

அயனோசோண்ட் பதிவில் இதன் அடையாளம் தெளிவு. வழக்கமான நாளில் எதிரொலிக் கோடு மெல்லிய வளைவாக இருக்கும், குமிழி உள்ள இரவில் அந்தக் கோடு தூரிகையால் தேய்த்ததுபோல் பரந்து கிடக்கும். ஹுவான்காயோ பதிவுகளில் ஆய்வாளர்கள் புக்கரும் வெல்ஸும் 1938-ல் கண்டெழுதியது இதைத்தான். அது ஏன் என்று படமாகப் பார்க்க 1976 வரை ஆனது. லிமாவுக்கு அருகில் ஹிக்கமார்க்கா ரேடார் இருக்கிறது, 300 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் 18,432 டைபோல் கம்பிகளைப் பரப்பிய ஆண்டெனா. அதை வைத்து வுட்மனும் லா ஹோஸும், கொந்தளிப்பு படலத்தைத் துளைத்துக்கொண்டு புகைத் தூண்கள்போல் மேலே ஏறுவதைக் காட்டினார்கள். காதங்கி ரேடாரிலும் இதே தூண்கள் தெரிகின்றன. அது பார்ப்பது குமிழிக்குள் உள்ள 3 மீட்டர் அளவுச் சுருக்கங்களை, அதாவது தன் அலைநீளத்தில் பாதியை.

எல்லா இரவும் குமிழி வருமா? எந்த மாதங்களில் அதிகம்?

வராது. இந்தியப் பகுதியில் மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்கள்தான் சீசன். நம் பக்கம் காந்தக் கோடுகள் கிட்டத்தட்ட நேர் வடக்கு-தெற்காக ஓடுகின்றன, சம இரவு நாட்களில் பகல்-இரவு எல்லையும் அப்படியே நிற்கிறது. அதனால் ஒரு காந்தக் கோட்டின் இரு முனைகளிலும் ஈ படலம் ஒரே சமயத்தில் இருட்டில் விழுகிறது, தடை முழுசாக விலகுகிறது. பிரேசிலில் காந்தக் கோடுகள் சாய்ந்திருப்பதால் அங்கே டிசம்பர் வாக்கில் உச்சம். சூரியச் சுழற்சியின் உச்ச ஆண்டுகளில் எல்லாமே கூடுதல். 2024 அக்டோபரில் நாசாவும், அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் சூரியன் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக அறிவித்தன, அந்த ஆண்டின் மாலைகளில் துல்லிய சர்வே செய்தவர்கள் பட்ட பாட்டுக்கு அதுதான் பின்னணி.

சூரியன் அடங்கிய ஆண்டுகளில் வேறொரு விதமும் உண்டு: ஜூன்-ஜூலையில், நள்ளிரவுக்குப் பிறகு வரும் ஒழுங்கின்மைகள். மாலை எழுச்சி இல்லாமலே இவை எப்படிக் கிளம்புகின்றன என்பது இன்னும் விவாதத்தில் உள்ள விஷயம்.

குமிழி பிறப்பது திருநெல்வேலிக்கு மேலே, ஜி.பி.எஸ். தடுமாறுவது அகமதாபாத்தில். இது எப்படி?

காந்தக் கோட்டைப் பின்தொடர்ந்தால் தெரியும். 15 டிகிரி தள்ளி 300 கி.மீ. உயரத்தில் இறங்கும் கோடு, நடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 780 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. குமிழி அவ்வளவு உயரம் ஏறினால்தான் அதன் வால் அகமதாபாத் வானத்தை எட்டும். சென்னைக்கு 350 கி.மீ. போதும், அதனால் சின்னக் குமிழிகூட சென்னையைத் தொட்டுவிடும்.

எட்டிவிட்டால் பாதிப்பு மேட்டில்தான் அதிகம். சிக்னலைக் கலைப்பது அடர்த்தியின் ஏற்ற இறக்கம், சுற்றிலும் அடர்த்தி அதிகமாக உள்ள இடத்தில் ஓட்டை விழுந்தால் அந்த ஏற்ற இறக்கமும் பெரிது. உச்ச ஆண்டுகளில் அங்கே ஜி.பி.எஸ். சிக்னல் 20 டெசிபெலுக்கும் மேல், அதாவது நூறில் ஒரு பங்குக்கும் கீழே, நொடிக்கணக்கில் விழுந்து எழுவதுண்டு. இதற்கு மினுமினுப்பு, சிண்டிலேஷன் என்று சொல்வார்கள்.

என் போன் மேப்பில் இதெல்லாம் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. வண்டி ஓட்டுபவருக்கு ஒரு சில மீட்டர் பிசகு கணக்கே இல்லை.

தெரிவது துல்லிய வேலை பார்ப்பவர்களுக்கு. ஆர்.டி.கே. என்ற செ.மீ. துல்லிய ஜி.பி.எஸ். கருவியோடு நிலம் அளப்பவர், மாலை ஏழரை மணிக்கு மேல் ஃபிக்ஸ் (முழுத் துல்லியம்) கிடைக்காமல் ஃப்ளோட்டிலேயே (அரைகுறைத் துல்லியத்திலேயே) நின்றால் முதலில் கருவியையும் சிம் கார்டையும் சந்தேகிப்பார். மார்ச், செப்டம்பர் மாதமாக இருந்தால் வானத்தையும் சந்தேகியுங்கள், நள்ளிரவு தாண்டியோ மறுநாள் காலையோ அளந்து பாருங்கள். ஜி.பி.எஸ்.ஸுக்குத் திருத்தம் அனுப்பி விமானங்களுக்குச் செங்குத்து வழிகாட்டலையும் தரும் இந்தியாவின் ககன் அமைப்பை வடிவமைத்தவர்களுக்கு இருந்த தனிச் சவாலும் இந்த வானம்தான், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதிய திருத்தக் கணக்கு இங்கே அப்படியே செல்லாது.

சாதாரணத் தாமதத்தின் அளவு வேண்டுமென்றால்: ஒரு சதுர மீட்டர் தூணில் உள்ள மொத்த எலக்ட்ரான்களை எண்ணுவார்கள், 10,000 டிரில்லியன் எலக்ட்ரான்கள் ஓர் அலகு. ஜி.பி.எஸ்.ஸின் முதல் அலைவெண்ணில் ஓர் அலகுக்கு 16 செ.மீ. பிழை. 50 அலகு உள்ள மதியத்தில் 8 மீட்டர், 10 அலகுக்கு இறங்கிய இரவில் 1.6 மீட்டர். இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக் பயன்படுத்தும் எஸ் பேண்ட் என்ற உயர்ந்த அலைவெண்ணில் இதே அலகுக்கு 6.5 செ.மீ.தான். இரட்டை அலைவெண் ரிசீவர் இந்தச் சராசரித் தாமதத்தைக் கழித்துவிடும், ஆனால் மினுமினுப்பில் சிக்னலே அறுந்துபோனால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நள்ளிரவுக்குப் பிறகு?

படலம் இறங்கிக்கொண்டே வருகிறது, மூலக்கூறுகள் நிறைந்த பகுதிக்குள் நுழைகிறது, அழிவு வேகமாகிறது. இதில் அழகான ஒன்று உண்டு: அந்த அழிவே ஒளிர்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறு அயனி எலக்ட்ரானோடு சேர்ந்து உடையும்போது 630 நானோமீட்டரில் சிவப்பு ஒளி வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல், முழு வானத்தையும் படம்பிடிக்கும் கேமராவுக்குத் தெரியும். குமிழிகள் அந்தச் சிவப்பில் வடக்கு-தெற்கான கருப்புப் பட்டைகளாக நகர்ந்து போகும், படலம் சட்டென்று இறங்கும் நேரத்தில் வானம் முழுக்கச் சற்றே பிரகாசமாகும்.

நள்ளிரவு வாக்கில் நடுக்கோட்டுப் பகுதியின் மேல் வளிமண்டலத்தில் வெப்பம் சிறிது ஏறுவது வழக்கம். அந்த அழுத்தத்தால் நடுக்கோட்டை நோக்கி வீசிய காற்று துருவப் பக்கமாகத் திரும்பும். காந்தக் கோடு சாய்ந்திருக்கும் இடங்களில் அந்தக் காற்று பிளாஸ்மாவைக் கோட்டு வழியே கீழே தள்ளும், அடர்த்தி மளமளவென்று சரியும். நடுக்கோட்டிலேயே காற்றுக்கு அந்தப் பிடி கிடையாது, அங்கே கோடு படுத்திருக்கிறதே. மேலே இருந்து பிளாஸ்மா மெதுவாகச் சொட்டிக்கொண்டிருப்பதால் அடர்த்தி பூஜ்ஜியத்துக்குப் போவதில்லை. விடியலுக்குச் சற்று முன் அடிமட்டம், பிறகு சூரிய ஒளி பட்டதும் விறுவிறுவென்று ஏற்றம்.

நிலா வெளிச்சத்துக்கு இதில் பங்கு உண்டா?

அயனியாக்குவதில் இல்லை. ஆனால் நிலாவின் ஈர்ப்பால் வளிமண்டலத்தில் ஓதம் உண்டாகி மின்புலத்தைச் சற்று மாற்றுகிறது, அது அளக்கக்கூடிய விஷயம்தான். இரவின் கீழ்ப் படலங்களைக் கொஞ்சமாவது தாங்குவது பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜனில் பட்டுச் சிதறிவரும் சூரியனின் புற ஊதாக் கதிரும், விண்மீன் ஒளியும், காஸ்மிக் கதிர்களும்.

சூரியப் புயல் வந்தால் இரவு என்ன ஆகும்?

எந்த நேரத்தில் புயல் தாக்குகிறது என்பதைப் பொறுத்தது. துருவப் பகுதியின் மின்புலம் நிமிடங்களில் நடுக்கோடுவரை ஊடுருவும். மாலையில் வந்தால் ஏற்கெனவே இருக்கும் எழுச்சியை இன்னும் ஊதிவிட்டு, குமிழிகளைப் பெரிதாக்கும். பல மணி நேரம் கழித்து, சூடான துருவக் காற்று வேறொரு டைனமோவை இயக்கி, மாலை எழுச்சியை அடக்கி, பின்னிரவில் படலத்தை உயர்த்தும், அப்போது வழக்கமில்லாத நேரத்தில் குமிழி வரும். 2024 மே 10-11 புயலில் லடாக்கின் ஹான்லேயில் சிவப்பு ஒளி பதிவானது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களில் சராசரி நாளை வைத்துக் கணக்கிடும் கணினி மாதிரிகளை நம்ப வேண்டாம்.

இன்றைக்குக் குமிழி வருமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

சீசன் சொல்லலாம், நாள் சொல்வது கடினம். ஒரே மாதிரியான இரண்டு நாட்களில் ஒன்றில் வரும், மற்றதில் வராது. மாலையில் படலம் எவ்வளவு உயர்ந்தது என்பது நல்ல அறிகுறி, அதைவிட நல்லது இதுவரை கிடைக்கவில்லை என்பேன். ஏழு மணிக்குப் படலம் தாழ்வாகவே கிடந்தால் அன்று குமிழிக்கு வாய்ப்பு குறைவு. தொடக்க அலைவைத் தருவது கீழ் வளிமண்டலத்திலிருந்து ஏறிவரும் காற்றலைகளா (கிராவிட்டி வேவ்), இடிமேகங்களுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதெல்லாம் சூடான ஆராய்ச்சி. 2019-ல் ஏவப்பட்ட காஸ்மிக்-2-இன் ஆறு செயற்கைக்கோள்கள் இந்த அட்சரேகைகளையே சுற்றிச் சுற்றி அளந்து தரவு தருகின்றன, மாணவர்கள் இறக்கிப் பார்க்கலாம்.

வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா?

உண்டு. செப்டம்பர் கடைசியிலோ மார்ச்சிலோ மொட்டை மாடிக்குப் போய், போனில் ஜி.பி.எஸ். சிக்னல் பலத்தைக் காட்டும் ஏதாவது ஆப்பைத் திறந்து, மாலை ஆறரை முதல் நள்ளிரவுவரை ஒவ்வொரு செயற்கைக்கோளின் எண்ணையும் பதிவு செய்யுங்கள். கைப்பேசி அசையக் கூடாது, பக்கத்தில் ஆள் நடமாட்டமும் கூடாது. ஏழரை, எட்டு மணிக்கு மேல் வானத்தின் ஒரு பகுதியில் உள்ள செயற்கைக்கோள்கள் மட்டும் குதிக்க ஆரம்பித்து, சற்று நேரத்தில் அந்தத் தடுமாற்றம் கிழக்கே உள்ளவற்றுக்கு மாறினால் குமிழி கடந்து போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நாலு நிமிடம் முன்னதாக அதே செயற்கைக்கோள் மறுநாள் அதே இடத்தில் இருக்கும், ஆகவே இரண்டு நாள் பதிவையும் நாலு நிமிடம் தள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டு நாளும் ஒரே இடத்தில் குதித்தால் அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பிரதிபலிப்பு, ஒரு நாள் மட்டும் குதித்தால் அயனி மண்டலம்.